கார்ல பெட்ரோல் வாடை: நாமளே பாக்கலாமா, ஸ்கேனரா, ஸ்மோக் மெஷினா, கம்பெனி சர்வீஸா?

மழை ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரே மாதிரி கேள்வி வந்துட்டே இருக்கு. கொளச்சல்லேர்ந்து ஒரு அக்கா கேட்டாங்க, ராத்திரி ஷெட்டைப் பூட்டிட்டு காலையில தெறந்தா குப்புனு பெட்ரோல் வாடை அடிக்குது, தரையில ஒரு சொட்டு கூட இல்ல, மெக்கானிக் ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல பதிஞ்ச கோளாறைப் படிக்கிற கருவி) மாட்டிப் பாத்துட்டு ஒண்ணும் இல்லம்மான்னு அனுப்பிட்டாரு, இனி யார்கிட்ட கொண்டு போறதுன்னு. மார்த்தாண்டத்துல ஒரு தம்பிக்கு வேற மாதிரி, மத்த நேரம் வண்டி கொள்ளாம், பங்க்ல பெட்ரோல் அடிச்ச உடனே மட்டும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, ரெண்டு மூணு தடவை ஆக்சிலேட்டர மிதிச்சு அடிச்சாத்தான் பிடிக்குது. ஆரல்வாய்மொழி பக்கம் ஒரு அண்ணாச்சிக்கு செக் எஞ்சின் லைட் எரியுது, அவரு யூடியூப்ல ஸ்மோக் மெஷின் (புகை விட்டு ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கருவி) வீடியோ பாத்துட்டு, நம்ம ஏரியாவுல இது எங்க இருக்கு, திருவனந்தபுரம் வரைக்கும் போவணுமான்னு கேக்குறாரு.

மூணு பேருக்கும் சந்தேகப்பட வேண்டியது ஒரே சிஸ்டம்தான், எவாப். டேங்க்ல பெட்ரோல் எப்பவும் ஆவியாகிட்டே இருக்கும், வெயில்ல நிறுத்துனா இன்னும் கூடும். அந்த ஆவியை வெளிய விடாம ஒரு ஹோஸ் வழியா கரி நெறைஞ்ச டப்பாவுக்குக் கொண்டு போறாங்க, அதான் கேனிஸ்டர். எஞ்சின் சூடாகி ஓடும்போது எஞ்சின் கம்ப்யூட்டர், அதாவது ஈசியு, பர்ஜ் வால்வைத் தெறந்து தெறந்து மூடும், அப்ப எஞ்சின் இழுக்குற இழுப்புல வெளிக்காத்து கேனிஸ்டரோட வென்ட் வழியா உள்ள வந்து, கரி பிடிச்சு வெச்சிருக்கிற ஆவியை அள்ளிட்டு இன்டேக்குக்கு, அதாவது எஞ்சினுக்குக் காத்து போற குழாய்க்குப் போவும், எஞ்சினுக்குள்ள எரிஞ்சிரும். இதுல கெடக்கூடிய சாமான் டேங்க் மூடி, பில்லர் பைப், டேங்க் மேல உள்ள ரோல்ஓவர் வால்வு (வண்டி கவுந்தா பெட்ரோல் வெளிய வராம அடைக்கிறது), ஹோஸ், கேனிஸ்டர், வென்ட் பில்டர், பர்ஜ் வால்வு, அவ்வளவுதான். டீசல் வண்டிக்கு இந்த ஏற்பாடே கிடையாது, டீசல் அந்த அளவுக்கு ஆவியாகாது.

பெட்ரோல் வண்டின்னா கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும்னு சொல்றவங்க ஒருபாடு பேரு. அது சரியில்ல. புது மாடலுக்கு அனுமதி குடுக்கும்போது வண்டியை மூடுன ரூம்ல நிறுத்தி வெளிய வர்ற ஆவியை அளக்குறாங்க, டெஸ்ட் முழுக்க சேத்து 2 கிராம் தாண்டக் கூடாதுங்கிறதுதான் பிஎஸ்6 கணக்கு. நல்லா இருக்கிற வண்டி ஷெட்டை நாற அடிக்காது.

## எதையும் ஒப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்

வாடை ஆவியிலேர்ந்து வருதா, இல்ல பெட்ரோலே ஒழுகுதான்னு முதல்ல பாத்துருங்க. வண்டிக்கடியில, பின் சீட்டுக்குக் கீழ பம்ப் மூடி சுத்தி, எஞ்சின்ல இன்ஜெக்டர் ரெயில் சுத்தி ஈரம் இருந்தா, இல்ல வண்டி ஓடும்போது வாடை கூடிட்டே போனா, அது எவாப் கதை இல்ல, தீப்பிடிக்கிற கதை. அந்த வண்டியை ஓட்டிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போவாதீங்க, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்க இல்ல கட்டி இழுத்துட்டுப் போங்க. கீழ சொல்றது எல்லாம் ஈரம் இல்லாம வாடை மட்டும் வர்ற வண்டிக்கு, இல்ல செக் எஞ்சின் லைட் எரியுற வண்டிக்கு.

## எதை வெச்சு முடிவு பண்றது

நான் அஞ்சு விஷயம் பாப்பேன். எந்த மாதிரி கோளாறை அந்த வழி கண்டுபிடிக்கும், எதைக் கண்டுபிடிக்காது. கையை விட்டுப் போற காசு எவ்வளவு, முதல்ல சொல்லாத காசும் சேத்து. ஆபத்து உண்டா. வாரண்டிக்கு என்ன ஆவும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் சுத்தி இருக்கிற நமக்கு அது கைக்கெட்டுதா, ஒரு நாள் லீவு போடணுமா.

இதுல முதல் விஷயம்தான் பெருசு, மத்த நாலும் அதுக்குப் பின்னாடிதான். ஏன்னா எவாப்ல மூணு வகைக் கோளாறு இருக்கு. ஒண்ணு கரண்ட் கோளாறு, அதாவது வால்வோட காயில் போச்சு, கனெக்டர் பச்சை பிடிச்சுப் போச்சு. ரெண்டாவது சிக்கல் கோளாறு, வால்வு தெறந்தபடியோ மூடுனபடியோ மாட்டிக்கிச்சு, வென்ட் அடைச்சுப் போச்சு. மூணாவது லீக், ஹோஸ் வெடிச்சுது, எலி கடிச்சுது, பில்லர் பைப் துரு பிடிச்சு ஓட்டையாச்சு. ஒரு டெஸ்ட் ஒரு வகையைத்தான் ஒழுங்கா பிடிக்கும். மூணையும் பிடிக்கிறது எதுவும் கிடையாது, இதை யாரும் கவுண்டர்ல சொல்ல மாட்டாங்க.

## லைட் எரியலைன்னா லீக் இல்லையா?

கொளச்சல் அக்கா விஷயத்துல நடந்தது இதுதான். அமெரிக்காவுல 1996-லேர்ந்து வந்த கார்ல ஓபிடி2, அதாவது வண்டியே தன் கோளாறைத் தானே சோதிச்சுச் சொல்ற ஏற்பாடு, கட்டாயம், அங்க கம்ப்யூட்டரே அப்பப்ப டேங்கை மூடி பிரஷர் பாத்து லீக் இருந்தா லைட் போடும். 1 மில்லிமீட்டர் ஓட்டையைக் கூட பிடிக்கும், பின்னாடி வந்த வண்டியில அதுல பாதி ஓட்டையும். அதுக்காகவே வென்ட் வால்வு, டேங்க் பிரஷர் சென்சார்னு தனி சாமான் வெச்சிருப்பாங்க. பி0442, பி0455, பி0456னு யூடியூப்ல பாக்குறீங்களே, அதெல்லாம் அந்தக் கார்கள்ல லீக்குக்கு வர்ற கோளாறு நம்பர், அதான் கோட்.

நம்ம நாட்டு விதி ஐரோப்பா வழியில வந்தது. அதுல பர்ஜ் வால்வோட கரண்ட் சர்க்யூட் சரியா இருக்கான்னு கம்ப்யூட்டர் பாத்தா போதும், லீக் டெஸ்ட் கட்டாயம் இல்ல. அதனால நம்ம ரோட்டுல ஓடுற கார்ல பெரும்பாலும் பின்னாடி ஹோஸ் முழுசா கழண்டு தொங்குனாலும் லைட் எரியாது, ஸ்கேனர்ல ஒரு கோட் கூட வராது. மெக்கானிக் பொய் சொல்லல, அவர் கருவிக்கு அது தெரியாது, அவ்வளவுதான். பொல்யூஷன் சர்டிபிகேட் எடுத்தாச்சே, பாஸ் ஆயிருச்சேன்னு நினைச்சுக்காதீங்க, அது சைலன்சர்ல வர்றதை மட்டும் அளக்குது, டேங்க் பக்கம் திரும்பிக் கூட பாக்காது.

இதை மனசுல வெச்சுட்டு நாலு வழியையும் பாப்போம்.

## வழி 1: வீட்டுலயே கண்ணும் கையும் வெச்சுப் பாக்குறது

என்ன பிடிக்கும்: நெனைக்கிறதை விட நெறைய. நான் யாருக்கும் முதல்ல சொல்றது இதுதான்.

காத்து வீசாத இடத்துல பாருங்க. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காத்துல பெட்ரோல் டேங்கே தெறந்து கெடந்தாலும் மூக்குக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க நின்ன வண்டியை காலையில எடுக்குறதுக்கு முன்னாடி பில்லர் மூடி பக்கம், பின் சக்கரத்துக்கு உள்பக்கம், பானட் தெறந்து, மூணு இடமா மோந்து பாருங்க. எங்க கூடுதலோ அங்கிருந்து ஆரம்பிக்கணும்.

மூடியில ரப்பர் வளையம் வெடிச்சிருக்கான்னு விரல் வெச்சுச் சுத்திப் பாருங்க. மூடிக்குள்ள சின்ன வால்வு உண்டு, டேங்க்ல பெட்ரோல் கொறையக் கொறைய காத்து உள்ள போறதுக்கு. கடையில கெடைக்கிற சாவி போட்ட மலிவு மூடி சிலதுல அந்த வால்வு வேலை செய்யாது. வெயில்ல நின்ன வண்டியில மூடி தெறந்தா லேசா உஸ்ஸுங்கிறது சாதாரணம். நீளமா பெருசா இழுத்தா, இல்ல ஓடும்போது வண்டி இழுக்காம தெணறி மூடியைத் தளத்துன உடனே சரியானா, வென்ட் அடைச்சிருக்கு. பங்க்ல நாசில் டப்பு டப்புன்னு கட் ஆவுறதும் பல தடவை இதே காரணம்தான். குளவி மண் வெச்சு வென்ட் ஹோஸை அடைக்கிறது நம்ம தோப்பு வீடுகள்ல நடக்குறதுதான், ஒரு மாசம் எடுக்காம நிறுத்துன வண்டின்னா முதல்ல அதைப் பாருங்க. மழையில தண்ணி கெட்டுன ரோட்டுல போன வண்டியில, கேனிஸ்டர் பின்னாடி கீழ இருக்கிற மாடல்னா, சேறு ஏறி வென்ட் பில்டர் அடைச்சிருக்கும்.

ஹோஸைப் பாக்கும்போது வளைச்சுப் பாருங்க. நேரா இருக்கும்போது நல்லாத் தெரியுற ஹோஸ் வளைச்சாத்தான் வெடிப்பைக் காட்டும். ரப்பர் தோட்டம், தென்னந்தோப்பு நடுவுல வீடு இருக்கிறவங்க எலிக்கடியைத் தேடுங்க, பல் தடம் ரெண்டு ரெண்டு கோடா தெரியும். கடலோரக்காரங்க, கொளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி, பில்லர் பைப் இரும்பா இருந்தா சக்கரத்து பிளாஸ்டிக் லைனரைக் கழட்டிப் பாருங்க. உப்புக்காத்துல அந்தப் பைப் வெளிய தெரியாத பின்பக்கத்துல துரு பிடிச்சு பொடிப்பொடியா ஓட்டை விழும். கிளிப்பும் அங்கதான் முதல்ல இத்துப் போவும்.

இனி பர்ஜ் வால்வு. பெரும்பாலும் இன்டேக் மேனிபோல்டு பக்கத்துல ரெண்டு ஹோஸ், ஒரு கனெக்டரோட இருக்கும், கட்டைவிரல் அளவு. எஞ்சின் ஆறிக் கெடக்கும்போது கனெக்டரைக் கழட்டிருங்க, கேனிஸ்டர்லேர்ந்து வர்ற ஹோஸை வால்வுலேர்ந்து எடுத்துட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி அந்த வாயில விரலை வெச்சுப் பாருங்க. கரண்ட் இல்லாதப்ப இந்த வால்வு மூடித்தான் இருக்கணும், அதனால விரலை இழுக்கவே கூடாது. இழுத்துச்சுன்னா வால்வு தெறந்தபடி மாட்டியிருக்கு, வேற டெஸ்ட் தேவையில்ல. மார்த்தாண்டம் தம்பிக்கு நான் சொன்னது இதைத்தான். பெட்ரோல் அடிக்கும்போது டேங்க்ல இருந்த ஆவி மொத்தமும் தள்ளிட்டு வந்து, மூடாத வால்வு வழியா நேரா இன்டேக்குக்குப் போயிரும், கலவையில பெட்ரோல் அளவுக்கு மீறிப் போயிரும், எஞ்சின் பிடிக்காது. கனெக்டர் இல்லாம ஓட்டுனதால செக் எஞ்சின் லைட் வரலாம், பயப்பட வேண்டாம், திரும்ப மாட்டி கொஞ்ச நாள் ஓடுனா தானே போவும், இல்ல ஸ்கேனர்ல அழிச்சுக்கலாம்.

இழுக்கலைன்னா பாதி பாஸ். எஞ்சினை ஆப் பண்ணி ஆறவிட்டு வால்வைக் கழட்டி வண்டியை விட்டுத் தள்ளி வேற இடத்துக்குக் கொண்டு போங்க, இது முக்கியம், 12 வோல்ட் வயர் தொடும்போது பொறி பறக்கும். கரண்ட் குடுத்தா டிக்குன்னு சத்தம் கேக்கணும், காத்து போவணும். எடுத்தா அடைக்கணும். மல்டிமீட்டர்ல காயில் பாத்தா பல வால்வுல 20-லேர்ந்து 40 ஓம் வரை காட்டும், உங்க மாடலுக்கு சரியான அளவு சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். மீட்டர் ஒண்ணுமே காட்டலைன்னா காயில் அறுந்துருச்சு.

கேனிஸ்டர் கையில எட்டுற மாதிரி பானட்டுக்குள்ள இருந்தா, பழைய மாடல் சிலதுல அப்படித்தான், கழட்டிக் குலுக்கிப் பாருங்க. கனமா தளும்புனா உள்ள பெட்ரோலே போயிருக்கு. டேங்க் பக்கத்து வாயில கைப்பம்புல மெதுவா காத்து குடுத்தா வென்ட் வழியா தடையில்லாம வெளிய வரணும். கரித் துகள் வந்துச்சுன்னா உள்ள உடைஞ்சாச்சு, கழுவிச் சரி பண்ண முடியாது, மாத்தணும். வாய் வெச்சு உறியாதீங்க, உள்ள இருக்கிற ஆவி உடம்புக்குக் கேடு.

சொல்லாத காசு: பழைய பிளாஸ்டிக் கனெக்டர் கிளிப். அமுக்குறதுக்குப் பதிலா இழுத்தா படார்னு ஒடையும், சில மாடல்ல அந்தக் கிளிப் தனியா கெடைக்காது, ஹோஸோடதான் வாங்கணும். மல்டிமீட்டர் 500 ரூபாய்க்குள்ள வாங்கிரலாம்.

ஆபத்து: பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், கீழ தங்கும். ஷெட் கதவைத் தெறந்து வெச்சுக்கிட்டு செய்யுங்க, குழிக்குள்ள இறங்கிச் செய்யாதீங்க, பக்கத்துல பம்ப்செட் மோட்டாரோ அடுப்போ ஓடக் கூடாது. பின்னாடி கேனிஸ்டருக்காக வண்டிக்கடியில போவணும்னா வெறும் ஜாக்கை நம்பிப் போவாதீங்க, ஸ்டாண்டு வெக்க வசதி இல்லைன்னா அந்த வேலையை ரேம்ப் இருக்கிற இடத்துக்கு விட்டுருங்க.

எப்ப இது நல்லது: வாரண்டி முடிஞ்ச வண்டி, லைட் இல்லாம வாடை, பெட்ரோல் அடிச்சதும் ஸ்டார்ட்டிங் பிரச்சினை, நாசில் கட் ஆவுறது.

## வழி 2: ஸ்கேனர்

என்ன பிடிக்கும்: கரண்ட் கோளாறு. பி0443னு வந்தா பர்ஜ் வால்வு சர்க்யூட்னு அர்த்தம், வால்வுதான் போச்சுன்னு அர்த்தம் இல்ல. கடலோரத்துல கனெக்டர் முள்ளு பச்சை பிடிச்சாலும் இதே கோட்தான் வரும். வால்வு வாங்குறதுக்கு முன்னாடி கனெக்டரைக் கழட்டிப் பாத்தா செலவு மிச்சம்.

புளூடூத் அடாப்டர் 500-லேர்ந்து 2000 ரூபாய்க்குள்ள கெடைக்குது. அதை வெச்சு ரெண்டு வேலை செய்யலாம், ரெண்டும் கோட் படிக்கிறதை விட உருப்படியானது. ஒண்ணு, ஆப்ல ரெடினஸ்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல எவாப் வரியைப் பாருங்க. சப்போர்ட் இல்லைன்னு காட்டுனா உங்க கார் லீக் டெஸ்ட் பண்றதே இல்ல, அதனால கோட் இல்லங்கிறதை வெச்சு லீக் இல்லன்னு முடிவு பண்ணவே கூடாது. இதைப் பாக்க ஒரு நிமிஷம் போதும், இதைப் பாக்காமத்தான் முக்கால்வாசி பேர் ஏமாந்து போறாங்க.

ரெண்டாவது, எஞ்சின் நல்லா சூடானப்புறம் ஐடில்ல விட்டு பர்ஜ் சதவீதத்தையும் ஷார்ட் டேர்ம் பியூயல் டிரிம்மையும் (கம்ப்யூட்டர் அப்பப்ப பெட்ரோலைக் கூட்டிக் கொறைக்கிற சதவீதம், மைனஸ்னா கொறைக்குது) பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, மாடல் காட்டுனா. பர்ஜ் கூடும்போது டிரிம் மைனஸ் பக்கம் நல்லா இறங்குனா கேனிஸ்டர்ல ஆவி நெறைஞ்சிருக்கு, அது உள்ள வருது, வழி தெறந்துதான் இருக்கு. கொஞ்ச நேரம் ஓடுனப்புறமும் மைனஸ் 15, 20னே நின்னா கேனிஸ்டர்ல பெட்ரோலே தேங்கியிருக்கும்னு சந்தேகப்படணும். பர்ஜ் கூடியும் டிரிம் அசையவே இல்லைன்னா வால்வு தெறக்கல, இல்ல ஹோஸ் அடைப்பு. ஒர்க்‌ஷாப்ல பெரிய ஸ்கேனர் இருந்தா வால்வை அதுலேர்ந்தே தெறந்து மூடச் சொல்லலாம், கையை வெச்சா துடிக்கிறது தெரியும்.

சொல்லாத காசு: ரொம்ப மலிவு அடாப்டர் சில கார்ல பேசவே பேசாது, அப்புறம் இன்னொண்ணு வாங்கணும். அடாப்டரை மாட்டியே விட்டுட்டு வாரக்கணக்குல நிறுத்துனா பேட்டரி இறங்கும். பெரிய செலவு இதெல்லாம் இல்ல, கோட் பேரைப் பாத்து அந்தச் சாமானை மாத்துறதுதான். ஸ்கேனர் எந்தச் சாமான்னு சொல்லாது, எந்த இடத்துல சந்தேகம்னுதான் சொல்லும்.

எப்ப இது நல்லது: செக் எஞ்சின் லைட் எரியும்போது. லைட் எரியாத வாடைக்கு இதை மட்டும் நம்பிக் காசு குடுக்காதீங்க.

## வழி 3: ஸ்மோக் மெஷின்

என்ன பிடிக்கும்: லீக். இதுக்கு மேல லீக்குக்கு வேற கருவி இல்ல. மினரல் ஆயிலை சூடாக்கி வர்ற வெள்ளைப் புகையை ரொம்பக் கம்மி பிரஷர்ல எவாப் லைனுக்குள்ள விடுவாங்க, எங்க ஓட்டையோ அங்க நூல் மாதிரி புகை வரும், டார்ச் அடிச்சா தெரியும். பில்லர் பைப்போட பின்பக்கம், டேங்க் மேல உள்ள வால்வு சுத்தி, கண்ணுக்கு எட்டாத இடம் எல்லாம் இதுலதான் மாட்டும்.

ஒர்க்‌ஷாப்ல புகை டெஸ்ட்னு கேட்டா பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்க அனுப்பிருவாங்க, ஸ்மோக் மெஷின்னே கேளுங்க. நாகர்கோவில்ல, மார்த்தாண்டத்துல பெரிய மல்ட்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப்புகளுக்கு போன் போட்டுக் கேட்டுட்டுப் போங்க. மெஷின் இருந்தாலும் பெரும்பாலும் டர்போ வண்டி இன்டேக் லீக் பாக்கத்தான் வெச்சிருப்பாங்க. அதனால நீங்க கேக்க வேண்டிய கேள்வி மூணு.

எவ்வளவு பிரஷர்ல விடுவீங்க? டேங்க்குக்கு அரை பிஎஸ்ஐ பக்கம்தான் விடணும். இன்டேக்குக்கு விடுற பிரஷரை டேங்க்ல விட்டா இருக்கிற சீலும் போயிரும். கம்ப்ரெசர் காத்தை நேரா டேங்க்ல அடிச்சு சோப்புத் தண்ணி தடவிப் பாக்குறேன்னு யாராவது சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துருங்க, பெட்ரோல் ஆவியோட காத்தைக் கலக்குறது விளையாட்டு இல்ல. எவாப்புக்கு நைட்ரஜன் வெச்சு விடுறது இன்னும் நல்லது.

வென்ட்டை அடைப்பீங்களா? நம்ம கார்ல வென்ட் சாதாரணமா தெறந்தே இருக்கும், அடைக்காம புகை விட்டா அங்கிருந்துதான் முதல்ல வரும், அதைப் பாத்துட்டு கேனிஸ்டர் போச்சுன்னு பில் போடுறவங்க உண்டு.

எங்கிருந்து விடுவீங்க? அமெரிக்க வண்டியில இதுக்குன்னு தனி வாய் இருக்கும், நம்மளதுல பெரும்பாலும் இருக்காது, பர்ஜ் ஹோஸைக் கழட்டி அதுல விடணும். டேங்க்ல கால் முதல் அரை வரை பெட்ரோல் இருந்தா போதும், முழு டேங்கோட போனா புகை போக இடமே இருக்காது.

இந்த மூணுக்கும் யோசிக்காம பதில் சொல்றவர் கையில வண்டியைக் குடுக்கலாம்.

சொல்லாத காசு: அலைச்சல். நாகர்கோவில்லேர்ந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டர் பக்கம், திருநெல்வேலி 80 பக்கம், போய் வர பெட்ரோலும் ஒரு நாளும் போவும். அதனால கண்ணால பாக்க வேண்டியதை முடிக்காம இதுக்குக் கெளம்பாதீங்க. மூடி ரப்பர் வெடிச்சதை கண்டுபிடிக்க 140 கிலோமீட்டர் ஓட்டுறது வீண்.

எது பிடிக்காது: பர்ஜ் வால்வோட காயில், கனெக்டர், கரி கெட்டுப்போன கேனிஸ்டர். பெட்ரோல்ல ஊறுன ஸ்பாஞ்ச் மாதிரி கரி நெறைஞ்சு கெடந்தாலும் டப்பாவுல ஓட்டை இல்லைன்னா ஸ்மோக் டெஸ்ட் பாஸ் ஆவும், வாடை மட்டும் போவாது.

எப்ப இது நல்லது: வீட்டுல எல்லாம் பாத்தாச்சு, வால்வு சரி, மூடி சரி, வென்ட் சரி, வாடை நிக்கல.

## வழி 4: கம்பெனி சர்வீஸ்

வாரண்டி இருந்தா யோசிக்கவே வேண்டாம், இங்கதான் போவணும். நீங்களே ஹோஸைக் கழட்டி கிளிப் ஒடைச்சு வெச்சுட்டுப் போனா அதையே காரணம் காட்டுவாங்க.

ஆனா ஒண்ணு. கோட் இல்லைன்னா பிரச்சினை இல்லைன்னு எழுதி அனுப்புறது இங்கயும் நடக்கும். ஜாப் கார்டுல "பெட்ரோல் வாடை, ராத்திரி நின்னப்புறம் பின் சக்கரம் பக்கம்"னு உங்க வாயால சொன்னதை அப்படியே எழுத வைங்க, செக் அப்னு பொதுவா எழுத விடாதீங்க. வாரண்டி முடியுறதுக்கு முன்னாடி புகார் குடுத்த ரெக்கார்டு இருந்தா பின்னாடி பேச முடியும். முடிஞ்சா முந்தின ராத்திரியே வண்டியை அங்க விட்டுருங்க, காலையில அட்வைசரைக் கூட்டிட்டுப் போய் அவரையே மோந்து பாக்கச் சொல்லுங்க. வீட்டுலேர்ந்து ஓட்டிட்டுப் போனா வழியிலயே வாடை போயிரும்.

சொல்லாத காசு: வாரண்டி இல்லாத வண்டிக்கு சாமான் செட்டாத்தான் மாத்துவாங்க. ஒரு சின்ன ஹோஸுக்காக கேனிஸ்டர் அசெம்ப்ளியே வரும். கேனிஸ்டர் பர்ஜ் வால்வை விட விலை கூடுன சாமான், ஏன் மாத்துறீங்க, எந்த டெஸ்ட்ல பெயில் ஆச்சுன்னு கேட்டு பதில் வாங்கிட்டு சரின்னு சொல்லுங்க.

## ஒரே பார்வையில

| விஷயம் | வீட்டுல | ஸ்கேனர் | ஸ்மோக் மெஷின் | கம்பெனி |
|---|---|---|---|---|
| கரண்ட் கோளாறு | மல்டிமீட்டர் இருந்தா பிடிக்கும் | நல்லா பிடிக்கும் | பிடிக்காது | பிடிக்கும் |
| வால்வு மாட்டிக்கிட்டது | நல்லா பிடிக்கும் | டிரிம் பாக்கத் தெரிஞ்சா | பிடிக்காது | பிடிக்கும் |
| வென்ட் அடைப்பு | பிடிக்கும் | பிடிக்காது | ஓரளவு | சொன்னா பாப்பாங்க |
| சின்ன லீக் | எட்டுற இடத்துல மட்டும் | பெரும்பாலும் பிடிக்காது | நல்லா பிடிக்கும் | மெஷின் இருந்தா |
| கெட்டுப்போன கரி | குலுக்கி, பம்புல காத்து குடுத்துப் பாத்தா | டிரிம்ல சந்தேகம் வரும் | பிடிக்காது | மாத்திப் பாப்பாங்க |
| மறைஞ்ச செலவு | ஒடையுற கிளிப் | தப்பான சாமான் | அலைச்சல் | முழு அசெம்ப்ளி |
| வாரண்டி வண்டிக்கு | மோந்து பாக்குறதோட நிறுத்துங்க | படிக்கலாம், அழிக்காதீங்க | வேண்டாம் | இதுதான் |

## யாருக்கு எது

கொளச்சல் அக்காவுக்கு நான் சொன்னது வழி 1, அதுலயும் பில்லர் பைப்பும் கிளிப்பும் முதல்ல. கடலோர வண்டி, கோட் இல்ல, வாடை பின்பக்கம், மூணும் சேந்தா என் சந்தேகம் துரு மேலதான். அங்க ஒண்ணும் கெடைக்கலைன்னா ஸ்மோக் மெஷின். மார்த்தாண்டம் தம்பிக்கு விரல் டெஸ்ட் போதும், ஸ்கேனருக்கும் ஸ்மோக்குக்கும் காசு குடுக்கவே தேவையில்ல. ஆரல்வாய்மொழி அண்ணாச்சி வண்டிக்கு லைட் எரியுது, கோட் இன்னும் படிக்கவே இல்ல, அவரு ஸ்கேனர்ல ஆரம்பிக்கணும், ஸ்மோக் மெஷினைத் தேடுறது அதுக்கப்புறம்.

அஞ்சாவதா ஒரு வழி உண்டு, சில இடத்துல சொல்லுவாங்க, அந்த ஹோஸை ஒரு போல்ட்டு வெச்சு அடைச்சு விட்டுட்டா சரியாயிரும் அண்ணாச்சின்னு. செய்யவே செய்யாதீங்க. பர்ஜ் லைனை அடைச்சா ஸ்டார்ட்டிங் பிரச்சினை அன்னைக்கே போவும், உண்மைதான். ஆனா கேனிஸ்டர் காலியாவ வழியில்லாம நெறைஞ்சு, அதுக்கப்புறம் வர்ற ஆவி எல்லாம் வென்ட் வழியா உங்க ஷெட்டுக்குள்ள வரும். வீட்டோட ஒட்டுன ஷெட்டா இருந்தா புள்ளைங்க படுக்குற ரூமுக்கும் வரும்.

கேனிஸ்டர் ஏன் கெட்டுச்சுன்னு பாக்காம புதுசு போட்டா அதுவும் போயிரும். முக்கியமான காரணம் பங்க்ல நாசில் ஆட்டோ கட் ஆனப்புறமும் அமுக்குறது. களியக்காவிளையில இதை நெறையப் பாக்கலாம், எல்லை தாண்டினா கேரளாவுல விலை கூடுதல்னு டேங்க் வாய் வரைக்கும் ஏத்துவாங்க, இல்ல பங்க்ல நிக்கிற பையன் 1937 ரூபாயை 2000 ஆக்க இன்னும் ரெண்டு அமுக்கு அமுக்குவான். அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவி போற ஹோஸ் வழியா பெட்ரோலாவே கேனிஸ்டருக்குப் போவும். முதல் கட்லயே நிறுத்தச் சொல்லுங்க, சில்லறை யூபிஐல குடுத்துக்கலாம்.

ஹோஸ் மாத்துறதா இருந்தா பெட்ரோலுக்குன்னே வர்ற ஹோஸ் கேட்டு வாங்குங்க, எத்தனால் தாங்கும்னு சொன்னதா இருக்கணும், இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய வண்டியில முன்னாடி போட்ட ரப்பர் இதுல சீக்கிரம் வீங்கியோ வெறைச்சோ போவும். கண்ணாடி மாதிரி தெரியுற தண்ணி டியூபை அளவு சரியா இருக்குன்னு வெட்டி மாட்டிக் குடுத்தா திருப்பிக் குடுத்துருங்க, எஞ்சின் சூட்டுல அது இளகி கிளிப்புலேர்ந்து நழுவிரும். வேலை முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி ஷெட்டைப் பூட்டி வெச்சு காலையில முதல் ஆளா நீங்களே போய் தெறந்து மோந்து பாருங்க, வாடை இருந்தா அன்னைக்கே வண்டியைத் திரும்பக் கொண்டு போங்க, ஒரு வாரம் கழிச்சுப் போனா அது வேற கோளாறுன்னு சொல்லிருவாங்க.